பகலில் மேஜை, இரவில் கட்டில்

சைடு லோயர் பெர்த்தில் ஒரு இரவாவது படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரலில் இறங்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். எதிரெதிராக இரண்டு ஒற்றை இருக்கைகள். முதுகுச் சாய்மானம் இரண்டையும் மடக்கிக் கீழே தள்ளினால் நடுவில் உள்ள பள்ளம் மூடிக்கொள்ளும், படுக்கையாகிவிடும். இரண்டு பலகைகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு இருக்குமே, அது சரியாக நம் இடுப்புக்கு அடியில்தான் வந்து நிற்கும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபர்னிஷிங் பிரிவில் 38 வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், கல்யாண வீடுகளில் இந்தக் கோட்டைப் பற்றி என்னிடம் நியாயம் கேட்காத உறவினரே கிடையாது. ஏதோ நான்தான் அதை அங்கே வைத்தேன் என்பதுபோல. அப்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்தக் கோட்டின் பூர்வீகம் எனக்குப் புரிந்தது ரிட்டயர் ஆன பிறகு, 2012-ல், அமெரிக்காவில் மிச்சிகனில், என் மகள் வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய கேம்பருக்குள் உட்கார்ந்து ஒரு மேஜை செய்தபோதுதான்.

கேம்பர் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. பதினெட்டு அடி நீளப் பெட்டிக்குள் அடுப்பு, சிங்க், அலமாரி, கக்கூஸ், படுக்கை எல்லாம் இருக்கும். மாப்பிள்ளை அதை யாரோ ஒருவரிடமிருந்து மலிவாக வாங்கியிருந்தார். 1970-களில் செய்த வண்டி. மலிவுக்குக் காரணம், கூரை ஒரு மூலையில் ஒழுகி, அதற்கு நேர் கீழே இருந்த சாப்பாட்டு மேஜை நாசமாகியிருந்தது. பார்ட்டிகிள் போர்டு மேஜை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற அந்தப் பலகையின் குணம் உங்களுக்குத் தெரியும். காய்ந்திருக்கும் வரை ராஜா, ஈரம் பட்டால் ஊறின பிஸ்கட். ஓரங்கள் உப்பி, உதிர்ந்து, சுற்றியிருந்த அலுமினிய பீடிங் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆன்லைனில் ரெடிமேடாகக் கிடைக்கும் மாமா, நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

அங்கே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை நான் செய்த ஒரே வேலை, பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு வருவதுதான். "அதெல்லாம் எதற்கு, நான் செய்கிறேன்" என்று சொன்னேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பா செய்யட்டும் விடுங்க" என்றாள்.

இந்த மேஜையின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றும் சாமான் வைக்கிற பெட்டி, அதன்மேல் மெத்தை. நடுவில் மேஜை. இந்த ஏற்பாட்டுக்கு அங்கே டைனெட் என்று பெயர். மேஜையின் ஒரு விளிம்பு சுவரில் உள்ள தண்டவாளம் மாதிரியான கொக்கியில் தொங்கும், மறுபக்கத்துக்கு மடக்குகிற ஒற்றைக் கால். புது வண்டிகளில் குழாய்க் கால் வருகிறது. தரையில் பதித்த ஒரு குழிவில் சொருகி நிறுத்துவார்கள். நுனி சற்றே குறுகலாக இருப்பதால் திருகு இல்லாமலே இறுகிக்கொள்ளும், கழற்றுவதற்குள் உயிர் போகும். இரவானால் மேஜையைக் கொக்கியிலிருந்து எடுத்து, காலை மடக்கி, பெஞ்சுகளின் முகப்பில் அடித்திருக்கும் இரண்டு ரீப்பர்களின் மேல் இறக்கிவைக்க வேண்டும். மேஜைப் பலகை பெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். முதுகு மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் கட்டில்.

ஆகவே அது பார்க்கத்தான் மேஜை. தச்சன் கணக்கில் அது பள்ளத்தை மூடுகிற மூடி. பகலில் சும்மா இருக்கிற மூடிக்குச் சாப்பாட்டுத் தட்டு தாங்குகிற வேலையும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று சைடு லோயர் ஞாபகம் வந்தது. அங்கே முதுகுப் பலகை செய்கிற வேலையை இங்கே மேஜை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிரவே மகளின் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தேன். பிறகு ஊர் நூலகத்தில் புத்தகங்கள் எடுத்தேன். அந்த ஊர் நூலகத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.

கதை ரயிலில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 1830-களின் கடைசியிலேயே பென்சில்வேனியாவில் படுக்கை வசதி உள்ள ரயில் பெட்டி ஓடியிருக்கிறது. ஆனால் படுக்கையாகவே கட்டிவிட்டால் பகலில் பயணிகள் எங்கே உட்காருவது? படுக்கை பகலில் இடத்தை வீணடிக்கும், இருக்கை இரவில் ஆளை வதைக்கும். இதற்கு விடையாக, இருக்கையையே படுக்கையாக மாற்றுகிற அமைப்புக்கு 1856-ல் காப்புரிமை வாங்கியவர் தியோடர் உட்ரஃப். ஆனால் பெயர் நின்றதென்னவோ ஜார்ஜ் புல்மேனுக்குத்தான். அவர் இளமையில் நியூயார்க் மாநிலத்தில் அண்ணனோடு மரச்சாமான் செய்கிற தொழிலில் இருந்தவர். பிறகு சிகாகோவில், தெருவை மேடாக்கியபோது கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கொடுக்கிற கான்டிராக்டர். 1859-ல் சிகாகோ அண்டு ஆல்ட்டன் ரயில்வேயின் இரண்டு பழைய பெட்டிகளைப் படுக்கைப் பெட்டிகளாக மாற்றினார். 1864-ல் மேல் பெர்த்துக்கும், 1865-ல் இருக்கை படுக்கையாகிற கீழ் பெர்த்துக்கும் காப்புரிமை எடுத்தார். 1867-ல் கம்பெனி ஆரம்பித்தார்.

புல்மேன் பெட்டியின் ஒரு பகுதியைப் படத்தில் பார்த்தால் நாம் திடுக்கிட்டுப் போவோம். எதிரெதிரே இரண்டு இருக்கை, நடுவில் ஜன்னலை ஒட்டிக் கழற்றி மாட்டுகிற மேஜை. இரவில் மேஜை போய்விடும், இருக்கைகள் முன்னால் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டுக் கீழ் பெர்த் ஆகும். மேலே கூரைச் சரிவில் மடங்கியிருக்கும் மேல் பெர்த் இறங்கும். சுற்றித் திரை. நம் கேம்பருக்குச் சக்கரமும் வீட்டுக்காரியும் மட்டும்தான் புதுசு, மற்றதெல்லாம் அங்கேயே இருக்கிறது.

வீட்டுக்காரி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புல்மேன் வண்டியில் இந்தப் பலகைகளை இழுத்து, மடக்கி, துணி விரித்து, காலையில் மறுபடி இருக்கையாக்கிக் கொடுத்தவர்கள் போர்ட்டர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள். பயணிகள் அவர்கள் பெயரைக் கேட்கவே மாட்டார்கள். முதலாளி பெயர் ஜார்ஜ் என்பதால் எல்லாப் போர்ட்டரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிடுவார்கள். மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் என்ற கணக்கில் வேலை. அவர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 12 வருஷம் போராடி, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. யூனியன் ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இந்த 12 வருஷம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. காப்புரிமைப் படத்தில் பலகை, கீல், சங்கிலி எல்லாம் அழகாகக் கோடு போட்டிருக்கிறது. தினம் இரவும் காலையும் அதைத் தூக்கிப் போடுகிற கையைத்தான் யாரும் வரைவதில்லை.

ரயிலிலிருந்து இது சாலைக்கு வந்தது கார் வந்த பிறகு. 1910-ல் பியர்ஸ் ஆரோ கம்பெனி, பின் சீட்டு படுக்கையாக மடங்குகிற ஒரு காரை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. பெரிய பணக்காரர்களுக்கான வண்டி அது. நடுத்தரக் குடும்பத்துக்கு வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு நுண்ணுயிர் ஆய்வாளர். 1920-களின் கடைசியில் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு முகாம் போனார். இழுவை வண்டியில் மடங்கியிருக்கும் கூடாரம் ஒன்றை வாங்கிப் போயிருந்தார். நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம். மழை பிடித்துக்கொண்டது, கூடாரம் விரியவில்லை, குடும்பமே தெப்பலாக நனைந்தது. திரும்பி வந்து, ஒரு தச்சரை வைத்து 6 அடி அகலம், 9 அடி நீளத்தில், மேசனைட் பலகைச் சுவரோடு ஒரு பெட்டி கட்டினார். அடுப்பு, ஐஸ் பெட்டி, பொருத்திய மேஜை நாற்காலி எல்லாம் அதற்குள். பிள்ளைகள் அதற்குக் "கவர்டு வேகன்" என்று பெயர் வைத்தார்கள். போகிற இடமெல்லாம் ஆட்கள் சூழ்ந்துகொண்டு விலை கேட்க, 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். சில வருஷங்களில் அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனி அவருடையதாகிவிட்டது.

கலிபோர்னியா பக்கம் ஹாலி போலஸ் என்ற கிளைடர் விமானக்காரர் 1934-ல் அலுமினியத் தகடு அடித்து ரிவிட் வைத்து ஒரு டிரெய்லர் செய்தார். அவரிடம் விற்பனை பார்த்த வாலி பயம் என்பவர், போலஸ் கம்பெனி நொடித்தபின் அதே வடிவத்தை எடுத்துத் திருத்தி, 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று கொண்டுவந்தார். விலை 1,200 டாலர். நான்கு பேர் படுக்கலாம். எப்படி நான்கு பேர்? எஃகுக் குழாய்ச் சட்டத்தில் செய்த டைனெட் இரவில் கட்டிலாக மாறியதால். விமான வடிவம், பளபளப்பு, ரிவிட் என்று அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வண்டியை இரண்டு பேர் வண்டியிலிருந்து நான்கு பேர் வண்டியாக்கியது மேஜைதான்.

இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரில் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனார். 1913-ல் செய்த ஒரு டிரெய்லர் பழைய ஃபோர்டு மாடல் டி காரோடு நிற்கிறது. நான் வண்டிகளை விட்டுவிட்டு மேஜைகளையே பார்த்துக்கொண்டு போனேன். குனிந்து அடிப்பக்கம் எட்டிப் பார்த்ததில் காவலாளிக்குச் சந்தேகம் வந்து இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றார். "மாமா ரயில்வேயில் இருந்தவர்" என்று மாப்பிள்ளை அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னதும், அவரே கயிற்றுக்கு அந்தப் பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார்.

மேஜையின் மேல் ஒட்டுகிற தகடு பற்றி ஒரு வார்த்தை. பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் "மைக்கா" என்போம். மைக்கா என்றால் அப்பிரகம். இதில் ஒரு சிட்டிகை அப்பிரகம் கிடையாது. 1912-ல் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு பேர், மின்சாரக் கருவிகளில் காப்பாகப் பயன்பட்ட அப்பிரகத்துக்குப் பதிலாகப் பிசினில் தோய்த்த தகடு ஒன்றைச் செய்தார்கள். "மைக்காவுக்குப் பதில்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் "ஃபார் மைக்கா", அதுவே ஃபார்மைக்கா. மேஜைமேல் ஏறியது பிற்பாடு. ஆக, மைக்கா இல்லை என்று சொல்லவே வைத்த பெயர் நம் ஊர் வந்து சேர்ந்தபோது மைக்காவாகவே ஆகிவிட்டது.

இனி மேஜைக்கு வருகிறேன். கடையில் முக்கால் அங்குல பிளைவுட் வாங்கினோம். அந்த ஊரிலும் முக்கால் என்றால் முக்கால் இல்லை, 32-ல் 23 பாகம்தான். உலகம் முழுவதும் மர வியாபாரி ஒரே ஜாதி. பழைய பலகையை மேலே வைத்துக் கோடு போட்டேன். 40 அங்குல நீளம், 25 அங்குலம் 2 நூல் அகலம். மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்துவந்த மின்சார ரம்பத்தில் அறுத்து, மூலைகளை உருட்டி, இழைத்து, மைக்கா ஒட்டி, ஓரத்துக்கு மரப் பட்டி அடித்தேன். ஓரப் பட்டியின் கனத்துக்குப் பலகையில் முன்கூட்டியே கழித்துக்கொண்டேன், மொத்த அளவு கோட்டுக்குச் சரியாக வர வேண்டும் அல்லவா. அதெல்லாம் கை தானாகச் செய்தது. நான்கு நாள். இரவு படுத்தால் கையில் பிளைவுட் வாசனை. பல வருஷம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

வேலை முடிந்த அன்று பக்கத்து வீட்டு மூதாட்டி பார்க்க வந்தார். எண்பதைத் தாண்டியவர். கேம்பருக்குள் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கையால் மேஜையைத் தடவினார். அப்புறம் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நான் இப்படி ஒரு மேஜையில் வளர்ந்தேன்" என்றார்.

மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் வில்லோ ரன் என்ற இடம். இரண்டாம் உலகப்போரின்போது ஃபோர்டு கம்பெனி அங்கே பி-24 குண்டுவீச்சு விமானங்கள் கட்டியது. உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் வெளியே வந்தது. 40,000 பேருக்கு மேல் வேலை. வயல்வெளி நடுவே வைத்த தொழிற்சாலை, ஆட்களுக்கு வீடு எங்கே? தெற்கு மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கூடாரத்திலும் கொட்டகையிலும் கிடந்தார்கள். அரசாங்கம் விடுதிகள் கட்டியது, டிரெய்லர்களை வாங்கி வரிசை வரிசையாக நிறுத்தியது. இங்கு மட்டுமல்ல, போர்த்தொழில் நடந்த பல ஊர்களிலும் உல்லாசப் பயணத்துக்கென்று பிறந்த வண்டி இப்படித்தான் தொழிலாளி வீடானது. குழாயும் கக்கூஸும் பொதுவில். ஐ.சி.எஃப். காலனி வீடுகளுக்காக வருஷக்கணக்கில் பட்டியலில் காத்திருந்து, அயனாவரத்தில் ஒற்றை அறையில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் காட்சி அன்னியமாக இருக்காது.

மூதாட்டியின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் ரிவிட் அடித்தவர். இவருக்கு அப்போது வயது பதினொன்று, தம்பிக்கு ஏழு. டிரெய்லரில் மேஜைதான் இவர்கள் இருவருக்கும் கட்டில். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார். அவர் சாப்பிட உட்கார வேண்டுமானால் பிள்ளைகள் எழுந்தாக வேண்டும். குளிர்காலத்தில், இருட்டு விலகுமுன், கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் அம்மா அடியிலிருந்து பலகையைத் தூக்க வந்துவிடுவாராம். போர்வைச் சூட்டோடு இருந்த பலகைமேலே தட்டு வைப்பார்களாம். "அப்பா சாப்பிடும்போது என் பக்கத்து மெத்தை இன்னும் சூடாக இருக்கும். அவர் அதில்தான் உட்காருவார்" என்றார். வருஷம் மூன்று அப்படி. பாடம் படித்தது, அம்மா துணி தேய்த்தது, போர் முடிந்த செய்தியைக் கேட்டது எல்லாம் அதே மேஜையில்.

எங்கள் வீட்டிலும் என் அப்பா ஷிஃப்ட் வேலைக்காரர்தான், லோகோ ஒர்க்ஸில். அவர் வந்தால் நாங்களும் எழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் எங்களுக்குப் பாய். சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை போய் சாப்பாட்டு அறை வந்துவிடும். கீலும் கிடையாது, காப்புரிமையும் கிடையாது. மேஜை நாற்காலி கட்டில் என்று பழகியவர்கள் அதைச் சின்ன இடத்தில் அடைக்க இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சிரிப்பாகக்கூட இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மாவும் எங்களை எழுப்புமுன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்பும்போது அவர் குனிந்து பெஞ்சின் முகப்பைப் பார்த்து, "இரண்டு பக்கமும் எவ்வளவு உட்காருகிறது?" என்று கேட்டார். அவர்கள் மேஜை ஒருமுறை தம்பியோடு உள்ளே விழுந்து, பிறகு அவர் அப்பா அகலமான கட்டை வைத்து அடித்தாராம். நான் சிரித்துக்கொண்டே, "கவலைப்படாதீர்கள், நான் ஆயிரக்கணக்கான ரயில் பெட்டிகளுக்குப் படுக்கை போட்டவன்" என்றேன். அளந்து பார்க்கவில்லை.

ஆகஸ்டில் மிச்சிகன் ஏரிக்கரையில் லுடிங்டன் போனோம். கடல் என்று சொன்னால் நம்பிவிடலாம், அப்படி அலை. மணல் மேடு, தூரத்தில் கலங்கரை விளக்கம். மகளும் மாப்பிள்ளையும் பின்பக்கக் கட்டிலில், பேரன் தரையில் பையில் நுழைந்துகொண்டு, நான் முன்பக்க சோபாவில். என் மனைவிக்கு முட்டிவலி. கீழே படுத்து எழுந்திருக்க முடியாது. அவளுக்காகத்தான் மேஜைக் கட்டில். "ரயில்வேக்காரர் போட்ட பெர்த்து, ரிசர்வேஷன் இல்லாமலே கிடைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே படுத்தாள்.

நடுராத்திரி ஒரு சத்தம். பிறகு, "என்னங்க" என்று ஒரு குரல், பள்ளத்துக்குள்ளிருந்து.

புரண்டு படுத்திருக்கிறாள். பலகை ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபக்கம் ரீப்பரை விட்டு இறங்கிவிட்டது. மெத்தையோடு சரிந்து, இடுப்பு பெஞ்சுப் பெட்டியின் விளிம்பில் மோதியிருந்தது. விளக்கைப் போட்டுத் தூக்கினோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், ஊர் திரும்பும் வரை நீலம் மாறவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

விடிந்ததும் டேப்பை எடுத்தேன். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் இடைவெளி 26 அங்குலம். ரீப்பர் ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம், அதாவது 6 நூல். என் பலகை 25 அங்குலம் 2 நூல். 26-ல் கழித்தால் மிச்சம் சரியாக 6 நூல். ஒரு பக்கம் முட்டும்படி நகர்ந்தால் மறுபக்கம் உட்கார ஒரு நூல்கூட இல்லை. பழைய பலகையை அச்சாக வைத்தேனே, அதன் ஓரங்கள் உதிர்ந்து போயிருந்தன. சுற்றியிருந்த அலுமினிய பீடிங்கை நானே பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தேன். மேஜையை அளந்தேனே தவிர, அது மூட வேண்டிய பள்ளத்தை அளக்கவில்லை. மேஜை இல்லை அது மூடி என்று எல்லோருக்கும் வியாக்கியானம் செய்தவன் நான்தான். பயிற்சிப் பையன் ஒருவன் இப்படி அறுத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்தால் மாப்பிள்ளை ஏற்கெனவே எங்கோ போய் இரண்டு மரச்சட்டங்களோடு வந்துகொண்டிருந்தார். "ரீப்பரை மட்டும் அகலப்படுத்தினால் போதும் மாமா, உங்கள் மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். நான் பிடிக்க, அவர் ஸ்க்ரூ போட்டார். ஒன்றரை அங்குலத் தாங்கல் வந்தது. அன்றிரவு நான் முதலில் அதில் படுத்து, இரண்டு பக்கமும் நான்கு முறை புரண்டு காட்டிய பிறகுதான் அவளைப் படுக்கவைத்தேன். பேரனுக்கு அது பெரிய வேடிக்கை.

வீடு திரும்பியதும் மறுபடி பலகை வாங்கிவரச் சொன்னேன். தேவையில்லை என்றார்கள், நான் கேட்கவில்லை. இந்த முறை 25 அங்குலம் 7 நூல். பழைய மேஜை கராஜில் மாப்பிள்ளையின் வேலைப் பலகை ஆனது. மூதாட்டியைக் கூப்பிட்டுக் காட்டி, நடந்ததையும் சொன்னேன். அவர் மனைவியின் இடுப்பைப் பற்றித்தான் விசாரித்தார். மேஜையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, ரீப்பரை மட்டும் விரலால் அளந்து பார்த்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும் முதல்நாள், மேஜையின் அடிப்பக்கம் பென்சிலால், "இடைவெளி 26. பீடிங் சேர்த்து அளக்கவும்" என்று எழுதிவைத்தேன். தமிழில்தான். பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தக் கேம்பரை விற்றுவிட்டார்கள். பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான், யார் போவது? வாங்க வந்தவர் மேஜையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார். மகள் சொல்லியிருக்கிறாள். அவரும் மரவேலை தெரிந்தவராம். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, பெஞ்சு இடைவெளியை ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தாராம்.